இரண்டு பேர் திறக்கும் பெட்டி

ஏப்ரல் 28, திங்கள்

மேல்மாடி லேப் அறைக் கம்ப்யூட்டர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு அதை நான் அணைக்கவே இல்லை. ‘யாரும் ஆஃப் செய்யக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி அதன் தலையில் ஒட்டியிருக்கிறேன். கூட்ட வருகிற பெண் அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோவதில்லை.

வெளியாள் பார்த்தால் சிரிப்பான். ஆனால் எங்கள் சாயப்பட்டறையின் ரெசிபி முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எல்லாமே. பாய்லரும் மிஷினும் கடன் வாங்கினால் யாருக்கும் கிடைக்கும், ரெசிபி கிடைக்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் லேபில் இருந்த ஒருவன் பாதியைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டான். எங்கள் நிறங்கள் அங்கே மலிவாகக் கிடைத்தன. அப்போதுதான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற மெஹருன்னிசா வந்து இந்தப் பூட்டைப் போட்டாள். என்கிரிப்ஷன் என்றாள், தமிழில் குறியாக்கமாம். டிஸ்கையே கழற்றிக்கொண்டு போனாலும் பாஸ்வேர்டு இல்லாமல் பார்த்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும் என்றாள். மாற்று டிஸ்குக்கும் அதே பூட்டு.

பாஸ்வேர்டில் முன்பாதி என்னுடையது, பின்பாதி நாச்சிமுத்துவினுடையது. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். எழுதிவைக்கக் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. அது நாங்கள் இருவரும் போட்ட சட்டம்.

நாச்சிமுத்து என் மனைவி பூவாத்தாளின் தம்பி, பட்டறையில் என் கூட்டாளி. சனிக்கிழமை மாலை அணைப்போம். திங்கட்கிழமை காலை அவன் வருவான், என் பாதியை நான் அடிப்பேன், அவன் பாதியை அவன் அடிப்பான், பெட்டி திறக்கும். பிறகு டீ, தேங்காய் பன். பூவாத்தாள் போன பிறகும் அது நிற்கவில்லை.

இந்தப் பொங்கல் கழிந்ததும், “முழங்கால் மாடி ஏற உடமாட்டீங்குது மச்சா, நான் ஒதுங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். முழங்காலாம். நல்ல சாக்கு. போகிறவன் போகலாம் என்றேன். அதன் பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

திங்கட்கிழமை என்பதால் டீக்கடைக்காரி இரண்டு டீ அனுப்பியிருந்தாள். ஒன்று போதும் என்று சொல்ல மறந்துகொண்டே இருக்கிறேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஏப்ரல் 30, புதன்

பிரிண்டர் பார்க்க மெஹருன்னிசா வந்தாள். போகிற போக்கில் யுபிஎஸ்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பேட்டரி உப்பியிருக்கு சார், இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு” என்றாள். பிறகு இன்னொன்று சொன்னாள்.

“மெஷின் இப்ப தெறந்துதானே இருக்கு. எல்லாத்தையும் வேற டிஸ்குக்கு மாத்தி, உங்க பாஸ்வேர்டு மட்டும் போட்டுத் தந்துடறேன். அரை மணி நேர வேலை.”

அவசரமில்லை, இந்த ஆர்டர் முடியட்டும் என்றேன். பேட்டரியும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். வேலை நெருக்கடி.

ஆர்டர் பெரியது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய ‘மழைச்சாம்பல்’ நிறத்தையே திரும்பக் கேட்கிறது. பதினான்காம் தேதிக்குள் மாதிரித் துணி அவர்கள் ஏஜென்ட் கையில் இருக்க வேண்டும். நிறம் ஒத்துப்போனால் இந்த வருடம் முழுக்க இரண்டு மிஷினுக்கு வேலை. ரெசிபியை எடுத்துத் தரும்படி எங்கள் சாய மாஸ்டர் ஆறுக்குட்டி கேட்டார். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மே 1, வியாழன்

மே தினம். பட்டறையில் யாரும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று வந்தேன். வாட்ச்மேன்கூடச் சாப்பிடப் போயிருந்தான்.

மத்தியானம் காற்று கிளம்பியது. எதிர்ப்பட்டறைத் தகரம் ஒன்று பறந்துபோய் ரோட்டில் விழுந்தது. நாலு சொட்டு மழை, கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போடத் தெரிந்தவன் ஊருக்குப் போயிருந்தான். யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. மேலே போய் அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு என்ன செய்யத் தெரியும்? கையை மட்டும் அதன் மேல் வைத்திருந்தேன், சூடாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடி என்று வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அது கத்துவதை நிறுத்திவிட்டது. ஸ்கிரீனில் என் முகம் தெரிந்தது.

பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மே 2, வெள்ளி

கரண்ட் வந்ததும் பெட்டியைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டம் ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்டது. என் பாதியை அடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அது காத்திருந்தது.

மெஹருன்னிசாவை வரச்சொன்னேன். பேட்டரி திடீரென்று போய்விட்டது, யாரும் எதிர்பார்க்கவில்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் புதன்கிழமை பேசியதை எடுக்கவில்லை, நல்ல பெண்.

“வேற வழியில தெறக்க முடியாதாம்மா?”

“முடிஞ்சா அப்பறம் அது என்ன பூட்டு சார்? நான் போட்டதுதான், என்னாலயும் முடியாது. நாச்சிமுத்து சாருக்கு ஒரு போன் போடுங்க.”

போடுகிறேன் என்றேன்.

மே 3, சனி

போன் செய்யவில்லை. அவனே செய்யட்டும் என்று இருந்துவிட்டேன். பெட்டி நின்றுபோனது நாச்சிமுத்துவுக்கு எப்படித் தெரியும் என்று மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மே 4, ஞாயிறு

துணி துவைத்தேன். பூவாத்தாள் வைத்த கறிவேப்பிலைச் செடியில் பூச்சி. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊட்டிக்குப் போயிருக்கிறார்கள். இன்று முழுவதும் நான் பேசியது பால்காரனிடம் மட்டும், அதுவும் ‘நாளைக்கு அரை லிட்டர் போதும்’ என்பதுதான்.

மே 5, திங்கள்

மாஸ்டர் பழைய மாதிரித் துணியை வைத்துக்கொண்டு தானாகவே நிறத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். சனிக்கிழமையிலிருந்து லேபில் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சாயம் போட்டுக் காயவைக்கிறார். பகல் வெளிச்சத்தில் வைத்தால் அச்சாக அதே சாம்பல். நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் கடை விளக்கைப் போட்டால் சிவப்படிக்கிறது. துணி விற்கப்போவது கடை விளக்கில்தானே. சாம்பல் நிறம் என்றாலே இந்தத் தொல்லைதான். அந்த ரெசிபியை அன்றைக்கு உட்கார்ந்து பிடித்தது நானும் நாச்சிமுத்துவும். அவன் ஏதோ ஒரு மஞ்சளைத் துளி சேர்த்தான். எந்த மஞ்சள், எவ்வளவு என்று இப்போது யாருக்கு நினைவிருக்கிறது?

மத்தியானம் என் போன் அடித்தது. நாச்சிமுத்து. மாஸ்டர் எனக்குத் தெரியாமல் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

“மச்சா, நல்லா இருக்கறீங்களா?”

“ம்.”

“பொட்டி நின்னுபோச்சாமா? ஆறுக்குட்டி சொன்னாப்ல. மழச்சாம்பல் வேற கேக்கறாங்களாமா. எழுதிக்கோங்க மச்சா, என்ற பாதியச் சொல்லீர்றேன். இனி அது எனக்கு எதுக்கு?”

“சொல்லாத” என்றேன்.

“ஏனுங்?”

“வாயில சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீயும் நானுந்தான?”

“அது அப்ப. இப்ப நான் பட்டறையிலயே இல்லீங்களே மச்சா.”

போனை வைத்துவிட்டேன். மாஸ்டர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “செக்யூரிட்டி முக்கியம் மாஸ்டர். போன்ல யார் யார் ஒட்டுக் கேக்கறாங்களோ” என்றேன். அவர் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

டீ இரண்டு வந்திருந்தது. ஒன்று ஆறிப்போயிற்று.

மே 6, செவ்வாய்

நாச்சிமுத்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். எழுத்து எதுவும் இல்லை. அவனுடைய பாதி அதில்தான் இருக்கும். கேட்கவில்லை.

மாஸ்டர் அவனுக்கு மறுபடியும் போன் செய்திருக்கிறார். அனுப்பியிருக்கிறேன், மச்சானையே கேட்கச் சொல்லு என்றானாம்.

கேட்டால் சட்டம் போச்சு. வேறு ஒரு காரணமும் இல்லை.

மே 8, வியாழன்

மறுபடியும் சிவப்பு. மாஸ்டர் இன்று துண்டுகளை என் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார்.

“மொதலாளி, நான் மரியாதக் கொறவாப் பேசறன்னு நெனைக்க வேண்டாமுங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா ரெண்டு மிசினு நிக்கும். அதுல வேல செய்யறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? சாவி உங்க போன்லயே இருக்குதுங்க. சும்மா அமுத்திக் கேக்க வேண்டியதுதான?”

“அது முறையில்ல மாஸ்டர்.”

“முறை இருக்கட்டுமுங்க. உங்களுக்குள்ள என்னமோ இருக்குது. அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் போன பிறகு போனை எடுத்து அந்தச் செய்தியைப் பார்த்தேன். அவன் முகம் ஒரு சின்ன வட்டத்தில் இருக்கிறது. பேரன் யாரோ எடுத்த படம், பாதி நெற்றி வெட்டுப்பட்டிருக்கிறது. தொட்டால் பேசுவான். பேசி முடித்துவிட்டால் அவன் பாதியும் என்னிடம் வந்துவிடும். நானே பூட்டி நானே திறந்துகொள்ளலாம், யாரும் வர வேண்டியதில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மே 9, வெள்ளி

காலையில் ஏஜென்ட் ஆபீசிலிருந்து கேட்டார்கள். புதன்கிழமை கட்டாயம் தருகிறேன் என்று துணிந்து சொல்லிவிட்டேன். கீழே பார்த்தால் நாலாம் நம்பர் மிஷின்காரன் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேலை இல்லாதவன்தான் மிஷினைத் துடைப்பான்.

இதற்கு மேல் பிடிவாதம் பிடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு செய்தியை அமுக்கினேன். எதற்குத் திரும்பினேன் என்று கேட்டால் தெரியாது, பழக்கம்.

அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“மச்சா, போன்ல சொல்ல வந்தேன், நீங்க வெச்சுப்போட்டீங்க. சித்தெ நேரம் கோவமா இருந்துச்சு. அப்பறம் ஓசன பண்ணிப் பாத்தேன். இதுல என்ற பாதி இல்லீங்க மச்சா. நான் சொல்லலாம், சொன்னா அதோட முடிஞ்சுபோயிரும். நீங்க வாடான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வந்தர்றேன். நாலு மாசமா நீங்க கூப்புடவே இல்ல. அக்கா இருந்தா கூப்புட்டிருப்பா. கூப்புடாத ஊட்டுக்கு மச்சினன் எப்புடி வர்றது?”

அவ்வளவுதான். பின்னால் குக்கர் விசில் கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து இது என் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அதற்குள் சாவி இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். லேபில் யாரும் இல்லை.

பிறகு போன் செய்தேன்.

“மாப்ள, வா” என்றேன்.

“எப்பங்க மச்சா?”

“திங்கக்கெழம.”

“அவசரம்னா நாளைக்கே வர்றனுங்.”

“திங்கக்கெழமதான நீ வருவ.”

“சரிங்க மச்சா” என்றான்.

மாஸ்டரிடம் திங்கட்கிழமை என்று சொன்னேன். இன்னும் மூன்று நாளா என்று முகத்திலேயே கேட்டார். செவ்வாய்க்கிழமை நானே லேபில் நின்று துண்டு எடுத்துத் தருகிறேன் என்றேன்.

மே 12, திங்கள்

நாச்சிமுத்துவை அவன் மகள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டாள். கேட்டிலேயே நின்றிருந்தேன். ஆள் இளைத்திருக்கிறான். கையில் ஊன்றுகோல். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மாடிப்படியில் அவன் ஏறியதை எழுத வேண்டும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மறு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. திரும்பும் இடத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். “சித்தெ இருங்க மச்சா” என்றான். ஊன்றுகோலை வாங்கி வைத்துக்கொண்டு நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயத்தொட்டியின் ஆவி மேலே வந்துகொண்டிருந்தது. சாக்கு என்று சொன்னது யார் என்று அவனும் கேட்கவில்லை.

பெட்டி முன்னால் நான் உட்கார்ந்து என் பாதியை அடித்தேன், அவன் ஜன்னலைப் பார்த்தான். அவன் உட்கார்ந்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் அடிக்கும்போது பாதியில் ஒரு இடத்தில் எப்போதும் நிறுத்துவான், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் அடிப்பான். அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். இன்றும் நிறுத்தினான்.

தவறு என்றது பெட்டி.

“நீ மறந்துட்ட” என்றேன்.

“நானா? தெனமும் படுக்கறப்ப மனசுக்குள்ள ஒருக்கா அடிச்சுப் பாத்துக்கறேன். நீங்கதான் என்னமோ பண்ணிப்போட்டீங்க.”

மறுபடியும் அடித்தோம். மறுபடியும் தவறு. மாஸ்டர் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். மூன்றாம் முறை அடிக்கும்போதுதான் பார்த்தேன், பெரிய எழுத்துக்கான பித்தானை நான்தான் அமுக்கிவைத்திருக்கிறேன். சத்தம் காட்டாமல் எடுத்துவிட்டு அடித்தேன். அவன் அடித்தான். திறந்துவிட்டது.

“இப்ப மட்டும் எப்புடி?” என்றான்.

“உன்ற வெரலு சரியாப் பட்டிருக்காது” என்றேன். அவன் சிரித்தான். அவனுக்குத் தெரியும்.

மழைச்சாம்பல் ரெசிபி திரையில் வந்தது. மஞ்சளைப் பார்த்ததும் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் போட்டுப் பார்த்ததே வேறு வகை மஞ்சள்.

டீ இரண்டு வந்தது. பன் சொல்ல மறந்துவிட்டேன்.

மாலை கிளம்பும்போது சொன்னான், “மெஹருகிட்டச் சொல்லி என்ற பாதிய எடுத்துருங்க மச்சா. இந்தப் படிய என்னால எத்தன நாளைக்கு ஏற முடியும்?”

பார்க்கலாம் என்றேன்.

மே 14, புதன்

மாதிரித் துணி கடை விளக்கிலும் சாம்பலாகவே நின்றது. ஏஜென்ட் வாங்கிக்கொண்டார். மாலையே சரி என்று பதில் வந்துவிட்டது.

மெஹருன்னிசா புது பேட்டரியோடு வந்தாள். “இப்ப தெறந்திருக்கு சார். ஒரே பாஸ்வேர்டா மாத்திரட்டுமா?”

“ஒரே ஆளுகிட்டச் சாவி இருந்தா ஆபத்துன்னு நீதானம்மா சொன்ன?”

“சொன்னேன். ஆனா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆனா? அவசரத்துக்குன்னு ஒரு சாவி எடுத்து எங்கயாவது பத்திரமா வைக்கணும். இல்லேன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.”

அவள் சொல்வது சரிதான். அவசரச் சாவி பேங்க் லாக்கரில் இருக்கட்டும், இரண்டு பேர் பெயரிலும், இரண்டு பேரும் வந்தால்தான் லாக்கர் திறக்க வேண்டும் என்றேன்.

“அதுக்கும் ரெண்டு பேரா?” என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழைய பேட்டரியைக் கழற்றத் தொடங்கினாள்.

மே 16, வெள்ளி

கீழே பாய்லர் பக்கம் பழைய ஸ்டோர் அறையைக் காலி செய்ய வைத்தேன். வெள்ளையடித்தாயிற்று. கேட்டிலிருந்து அந்த அறைக்கு ஒரு படிகூட இல்லை. லேப் கம்ப்யூட்டர், மேஜை, இரண்டு நாற்காலி எல்லாம் இறங்கிவிட்டன. பெட்டியை நிறுத்தாமலே, யுபிஎஸ்ஸோடு சேர்த்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாமி புறப்பாடு மாதிரி இருக்கிறது என்று மாஸ்டர் கிண்டல் செய்தார். ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன். திரும்பி நிற்பதற்கு வேண்டுமே.

மே 17, சனி

மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தது. எல்லோரும் போன பிறகு பெட்டியின் தலையில் இருந்த தாளைக் கிழித்தேன். பசை காய்ந்துபோய்ப் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன்.

பிறகு பெட்டியை அணைத்தேன். யுபிஎஸ்ஸில் புது பேட்டரி இருக்கிறது, கரண்டும் இருந்தது.

போன் செய்தேன்.

“மாப்ள, பொட்டி நின்னுபோச்சு. திங்கக்கெழம வா.”

“மறுபடியும் கரண்ட் போயிருச்சுங்களா?”

“இல்ல. நாந்தான் நிறுத்துனேன்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

“மச்சா, அந்தப் படி...”

“படி இல்ல மாப்ள. பொட்டி கீழ வந்துருச்சு.”

தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“போன தடவ பன் இல்லாம டீ ஊத்திப்போட்டீங்க” என்றான். “இந்த தடவ வாங்கி வைங்க.”